விறகு வாயுவில் எஞ்சின் ஓட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்புரேட்டர் உள்ள பழைய பெட்ரோல் எஞ்சினை விறகு வாயுவில் ஓட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கான பக்கம் இது. உங்களுக்கு வெல்டிங் தெரியும், அல்லது தெரிந்த பட்டறை பக்கத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம். அளவுக் கணக்குகள் எல்லாம் பழைய அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினுக்குப் போட்டவை. வேறு எஞ்சின் என்றால் அதே வழியில் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். முழுவதும் படிக்க நேரமில்லாதவர்கள் விஷவாயு பற்றிய கேள்வியை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள்.

விறகு வாயு என்பது என்ன? அடுப்பில் வரும் புகைதானா?

இல்லை. புகை எஞ்சினுக்கு எதிரி. விறகைக் குறைந்த காற்றில் எரித்தால் முதலில் ஈரம் போகும், பிறகு 200 டிகிரிக்கு மேல் புகையும் தாரும் பிரியும், மிஞ்சுவது கரி. விறகை வாயுவாக்க நாம் கட்டும் கலனில் அந்தப் புகை முழுவதும் 1200 டிகிரிக்கு மேல் தகிக்கும் ஒரு வளையத்தின் வழியாகக் கீழ்நோக்கி இழுக்கப்படுகிறது. அங்கே தார் உடைந்து எரிகிறது. எரிந்து உண்டான கார்பன் டைஆக்சைடும் நீராவியும் அதற்குக் கீழே உள்ள செந்தணல் கரியின் ஊடே போகும்போது, கரி அவற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் வெளியே வருகின்றன. இந்தப் பிடுங்கல் வெப்பத்தை விழுங்கும் வேலை. அதனால் கரிப் படுகையில் இறங்க இறங்க வாயு குளிர்ந்து, அடியில் 700 டிகிரி அளவுக்கு வந்துவிடும். அதற்குக் கீழே போனால் மாற்றம் ஏறக்குறைய நின்றுவிடும்.

நல்ல வாயுவில் கார்பன் மோனாக்சைடு 20 சதவீதம், ஹைட்ரஜன் 15 முதல் 18, மீத்தேன் 2 அளவில் இருக்கும். கார்பன் டைஆக்சைடு 10 முதல் 12 போக, மீதி பாதி அளவு காற்றிலிருந்து வந்த நைட்ரஜன். அது எரியாது, சும்மா கூட வருகிறது.

இதில் உண்மையிலேயே வண்டி ஓடியிருக்கிறதா?

லட்சக்கணக்கில். 1920களில் பிரான்சின் ஜார்ஜ் இம்பெர்ட் வடிவமைத்த கீழிழுப்புக் கலன்தான் இன்றைக்கும் எல்லோரும் நகலெடுப்பது. 1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்ததும் சுவீடனுக்கு வந்துகொண்டிருந்த பெட்ரோல் நின்றுபோனது. 1942 வாக்கில் அங்கே 70,000 வண்டிகளுக்குமேல் விறகிலும் கரியிலும் ஓடின. அதே போர்க்காலத்தில் சென்னை மாகாணத்திலும் பெட்ரோல் ரேஷன் வந்து, பின்னால் கலனைச் சுமந்த கரி வாயு பஸ்கள் ஓடியதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். போர் முடிந்து பெட்ரோல் வந்ததும் எல்லா நாட்டிலும் இவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். ஓடவில்லை என்பதற்காக இல்லை, தினசரி வேலை அதிகம் என்பதற்காக. நீங்களும் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சக்தி எவ்வளவு குறையும்?

மாற்றம் எதுவும் செய்யாத பெட்ரோல் எஞ்சினில் 40 முதல் 50 சதவீதம். பெட்ரோலும் காற்றும் கலந்த ஒரு கன மீட்டர் கலவையில் சுமார் 3.8 மெகாஜூல் இருக்கும்; விறகு வாயுக் கலவையில் 2.5 தான். அங்கேயே மூன்றில் ஒரு பங்கு போயிற்று. கலன், கூலர், ஃபில்டர் மூன்றையும் தாண்டி எஞ்சின் உறிஞ்ச வேண்டியிருப்பதாலும், வாயு சற்றுச் சூடாகவே வந்து சேர்வதாலும் மீதி போகிறது.

ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை கிலோ விறகு?

நன்கு காய்ந்தது 2.5 முதல் 3 கிலோ. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி 100 கிலோமீட்டருக்கு 25 கிலோ வரை தின்னும். கலனின் மேல்பகுதியான, விறகைக் கொட்டும் ஹாப்பர் 100 லிட்டர் என்றால், அதில் துண்டாக்கிய கெட்டி விறகு 30 கிலோ அளவுக்குக் கொள்ளும். விலைக் கணக்குப் போடும்போது விறகின் விலையோடு நிறுத்திவிடாதீர்கள். அறுத்து, சின்னத் துண்டாக்கி, உலர்த்தி, சலித்து எடுக்கும் கூலிதான் பெரிது.

எந்த மரம் நல்லது?

நம் பக்கத்தில் சீமைக்கருவேலத்தை மிஞ்ச ஒன்றும் இல்லை. கெட்டியானது, சாம்பல் குறைவு, அதிலிருந்து வரும் கரி உடையாமல் நிற்கும். கரி உறுதியாக இருந்தால்தான் படுகையில் காற்றோட்டம் கெடாது. சவுக்கு, புளி, கருவேலம் எல்லாம் சரி. உடைத்த தேங்காய்ச் சிரட்டை மிக நல்ல எரிபொருள். ஆனால் வளைந்த பெரிய ஓடுகளாகப் போட்டால் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிக்கொண்டு இறங்காமல் நிற்கும். 3 செ.மீ. அளவுக்கு உடையுங்கள்.

வேண்டாதவை: உமி (சாம்பல் 20 சதவீதத்தை ஒட்டி வரும், உருகிக் கட்டியாகிக் கலனையே அடைக்கும்), கரும்புச் சக்கை, மரத்தூள், மூங்கில், பட்டை, பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட். மரத்தூள் போன்ற பொடி எரிபொருளுக்கு வேறு வகைக் கலன்கள் உண்டு. இதில் அது ஓடாது.

துண்டின் அளவு 3 முதல் 5 செ.மீ. கொத்திய நீளச் சிம்பு வேண்டாம், குட்டையான கட்டையாக இருக்கட்டும். சிம்புகள் குறுக்கே மாட்டி மேலே பாலம்போல் நின்றுவிடும். அடியில் கரி எரிந்து வெற்றிடம் உண்டாகி, அதன் வழியே எரியாத புகை நேரே எஞ்சினுக்குப் போய்விடும்.

ஈரம் எவ்வளவு இருக்கலாம்? எப்படிச் சோதிப்பது?

15 சதவீதத்துக்குள் இருக்கப் பாருங்கள். 20 தான் கடைசி எல்லை. வெட்டிய புதிதில் மரத்தில் பாதி எடை தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கும் வெப்பம் முழுவதும் தணலிலிருந்தே போகிறது. தணல் ஆறினால் தார் உடையாது. ஆக, ஈர விறகு சக்தியைக் குறைப்பதோடு எஞ்சினையும் கெடுக்கும்.

சோதனை எளிது. பல துண்டுகளின் நடுப்பகுதியிலிருந்து சீவி 100 கிராம் எடுங்கள். 105 டிகிரி ஓவனில் வைத்து, எடை இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை காயவிட்டு நிறுங்கள். 85 கிராம் நின்றால் ஈரம் 15 சதவீதம். கட்டையைத் தட்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்துச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக இருப்பதும் நன்றாகத்தான் ஒலிக்கும். துண்டாக்கிய பிறகு உலர்த்துவதுதான் விரைவு. கோடையில் சிமென்ட் களத்தில் பரப்பிக் கிளறிவிட்டால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் கூரைக்குக் கீழே வைத்தாலும் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். மூடியுள்ள டிரம்மில் வையுங்கள்.

கலனின் அளவை எப்படிக் கணக்கிடுவது?

எல்லா அளவும் தொண்டையிலிருந்து தொடங்குகிறது. கலனுக்குள் காற்று வரும் குழாய் முனைகள்தான் நாசில்கள்; அவற்றுக்குக் கீழே கலன் குறுகும் இடம்தான் தொண்டை.

முதலில் எஞ்சின் கேட்கும் வாயு. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவை உறிஞ்சும். நிமிடத்துக்கு 2500 சுற்று என்று வைத்து, 1.489 லிட்டரை 2500-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் நிமிடத்துக்கு 1861 லிட்டர், மணிக்கு 112 கன மீட்டர். உண்மையில் அதில் 80 சதவீதம்தான் நிரம்பும்: 89. ஒரு பங்கு வாயுவுக்கு 1.1 பங்கு காற்று வேண்டும் என்பதால் 2.1-ஆல் வகுக்க, மணிக்கு 42 கன மீட்டர் வாயு. அது 40 டிகிரிச் சூட்டில் உள்ள அளவு. பூஜ்ய டிகிரிக்கு மாற்றினால் 37.

இம்பெர்ட் வகைத் தொண்டையில் ஒரு சதுர செ.மீ.க்கு மணிக்கு 0.9 கன மீட்டர் வரை வாயு எடுக்கலாம். அதற்குமேல் எடுத்தால் கரி பொடிந்து, படுகை அடைத்துக்கொண்டு, வாயுவும் கெடும். 80 மி.மீ. விட்டமுள்ள தொண்டையின் பரப்பு 50 சதுர செ.மீ.; உச்சத்தில் 45 கன மீட்டர் தரும். நம் எஞ்சின் 3000 சுற்று போனாலும் 44 தான் கேட்கும். எனவே 80 மி.மீ. சரி.

மற்ற அளவுகள் அதைத் தொடர்ந்து வருபவை. நாசில் 5, ஒவ்வொன்றின் துளையும் 9 மி.மீ. நாசில் முனைகள் 176 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் நிற்கும். தொண்டைக்கு மேலே 95 மி.மீ. உயரத்தில். தொண்டைக்குக் கீழே கரிப் படுகை 20 செ.மீ.க்குக் குறையக் கூடாது. நாசில் எண்ணிக்கையை ஒற்றைப்படையாக வைப்பதற்குக் காரணம் உண்டு: இரண்டு நாசில்கள் நேருக்கு நேர் நின்றால் காற்று மோதி, நடுவில் குளிர்ந்த இடம் விழும்.

"கொஞ்சம் பெரிதாகவே செய்துவிடுவோம், பின்னால் உதவும்" என்ற எண்ணம்தான் பட்டறையில் முதலில் வரும் தவறு. தொண்டை பெரிதானால் அதே வாயு மெதுவாகப் போகும், நாசில் காற்று நடுவரை எட்டாது, நடுவே குளிர்ந்த தூண் ஒன்று நின்று அதன் வழியே தார் நழுவும். சற்றுச் சிறிதாகச் செய்தால் உச்ச வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

என்ன தகடு வாங்குவது?

வெளிக்கூட்டுக்கும் ஹாப்பருக்கும் 3 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தகடு போதும். தொண்டைக்கு 310 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிடைத்தால் வாங்குங்கள். 304 போட்டால் கொஞ்ச காலத்தில் வளைந்து விரிசல் விடும். தொண்டையை அப்படியே பற்றவைத்துவிடாமல், ஒரு தட்டின்மேல் உட்காரும் தனி வளையமாகச் செய்யுங்கள். சூட்டில் விரிய இடமும் இருக்கும், போனால் அதை மட்டும் மாற்றவும் முடியும். சுற்றியுள்ள இடைவெளியில் சலித்த சாம்பலைக் கொட்டினால் அதுவே அடைப்பும் வெப்பக் காப்பும் ஆகிவிடும்.

சூடு படும் இடத்தில் ஜி.ஐ. குழாய் வேண்டவே வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சை வெல்டிங் செய்யும்போது வரும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். மூடிகளுக்கு செராமிக் ஃபைபர் கயிறு போடுங்கள்; பழைய ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றைத் தொட வேண்டாம்.

அடியில் கரியைத் தாங்கும் கம்பித் தட்டான கிரேட் வெளியிலிருந்து ஆட்டும்படி இருக்க வேண்டும். சந்து 10 முதல் 12 மி.மீ.

தார் வந்தால் ஃபில்டரைப் பெரிதாக்கினால் போதாதா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். பதில்: போதாது. சூட்டில் தார் ஆவியாகவே இருக்கும். ஆவியை எந்தத் துணியும் நாரும் பிடிக்காது. குளிர்ந்த பிறகு மிக நுண்ணிய துளிகளாகி, பாதி ஃபில்டரில் ஒட்டி அதை அடைக்கும், பாதி கடந்துபோய் இன்டேக் வால்வின் தண்டில் படியும். எஞ்சின் சூடாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. ராத்திரி ஆறியதும் அது பசையாக இறுகி, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வால்வு மேலேயே நின்று, புஷ்ராடு வளையும்.

எஞ்சினுக்குள் போகும் வாயுவில் ஒரு கன மீட்டருக்கு 100 மில்லிகிராமுக்குமேல் தார் இருக்கக் கூடாது என்பது பொதுவான வரம்பு. இதைத் தொண்டையில்தான் சாதிக்க முடியும். அதாவது காய்ந்த விறகு, சரியான தொண்டை, போதுமான இழுப்பு. இந்த மூன்றில் ஒன்று தவறினால் ஃபில்டருக்குச் செலவழிப்பது வீண்.

வீட்டிலேயே சோதிக்கலாம். கூலருக்குப் பின்னால் ஒரு சிறிய குழாய் முனை வைத்து, அதில் வெள்ளைத் துணியைக் கட்டி, பற்றவைக்கும்போது வாயுவை இழுக்கும் புளோயர் தள்ளும் பக்கத்தில் 5 நிமிடம் வாயுவை விடுங்கள். துணியில் சாம்பல் நிறத் தூசி படிந்து, தட்டினால் உதிர்ந்தால் நல்லது. மஞ்சளோ பழுப்போ ஒட்டிக்கொண்டு விரலில் பிசுபிசுத்தால் அந்த வாயுவை எஞ்சினுக்கு விடாதீர்கள்.

சைக்ளோன், கூலர், ஃபில்டர்: என்ன அளவு?

இந்த வரிசையில்தான் வர வேண்டும். கலனிலிருந்து 400 டிகிரி அளவில் வரும் வாயு முதலில் சைக்ளோனில் சுழன்று பெருந்தூசியை விடும். உடல் விட்டம் 12 செ.மீ., உருளைப் பகுதி 24 செ.மீ., கூம்பு 24 செ.மீ., பக்கவாட்டில் தொட்டுச் செல்லும் வாய் 6-க்கு 3 செ.மீ. அடியில் தூசி டப்பா காற்றுப் புகாமல் மூட வேண்டும். அங்கே சிறு கசிவு இருந்தாலும் விழுந்த தூசியை மறுபடி மேலே தூக்கிவிடும்.

கூலருக்குச் சுமார் 3 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். 1 அங்குல மெல்லிய இரும்புக் குழாய் 1.5 மீட்டர் நீளத்தில் 20, இரண்டு பக்கமும் பெட்டியில் இணைத்து, வண்டியின் முன்னால் காற்றுப் படும் இடத்தில். பழைய கார் ரேடியேட்டரைப் போடும் யோசனை எல்லோருக்கும் வரும். அதன் குறுகிய குழாய்கள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், குத்திச் சுத்தம் செய்யவும் முடியாது. அடியில் தண்ணீர் வடியும் குழாயும் அடைப்பானும் கட்டாயம்.

ஃபில்டருக்கு 40 செ.மீ. விட்டமுள்ள டிரம். வாயு நொடிக்கு 10 செ.மீ.க்குக் குறைவான வேகத்தில் போனால்தான் நார் தூசியைப் பிடிக்கும்; இந்த விட்டத்தில் 9 செ.மீ. சொச்சம் வரும். அடியில் கம்பி வலை, அதன்மேல் 30 செ.மீ. உயரத்துக்கு அலசிக் காயவைத்த தென்னை நார், மேலே கெட்டித் துணி. வாயு கீழிருந்து மேலே போக வேண்டும். எஞ்சினுக்கு முன்னால் நுண்ணிய கம்பி வலையில் ஒரு சிறிய காவல் ஃபில்டரும் வையுங்கள். பெரிய ஃபில்டர் கிழிந்தால் இது அடைத்து எஞ்சின் நின்றுவிடும்; அதற்குத்தான் அது. வாயுக் குழாய் எல்லாம் 2 அங்குலம்.

எஞ்சினில் என்ன மாற்ற வேண்டும்?

கார்புரேட்டரைக் கழற்ற வேண்டாம். அதற்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே ஒரு டீ இணைப்பு. வாயு வழியில் ஒரு பட்டர்ஃபிளை வால்வு, காற்று வழியில் இன்னொன்று. காற்று வால்வை டாஷ்போர்டிலிருந்து கேபிளால் கையாள வேண்டும். விறகு வாயுவின் தரம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஒரே நிலையில் திருகிவைத்துவிட்டுப் போக முடியாது.

இந்த வாயு மெதுவாக எரிவதால் ஸ்பார்க் டைமிங்கை 10 முதல் 15 டிகிரி முன்னே கொண்டுவர வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப் போல்டைத் தளர்த்தி, ஓட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, சுற்று அதிகமாகும் இடத்தில் இறுக்குங்கள். திரும்பப் பெட்ரோலில் ஓட்டுவதானால் பழைய இடத்துக்குக் கொண்டுவராமல் பாரம் ஏற்றக் கூடாது, எஞ்சின் தட்டும் (நாக்கிங்). அடையாளமாக இரண்டு கோடு கீறிவைத்துக்கொள்ளுங்கள்.

விறகு வாயு எளிதில் தட்டாது. ஆகவே எஞ்சினைத் திறக்கும் வேலை எப்படியும் வந்தால், ஹெட்டைச் சீவி கம்ப்ரஷன் விகிதத்தை 10 வரை உயர்த்தினால் இழந்த சக்தியில் கொஞ்சம் திரும்பும். அதன்பின் பெட்ரோலுக்கு அந்த எஞ்சின் ஒத்துவராது.

எப்படிப் பற்றவைப்பது?

முதல் முறை: கிரேட்டிலிருந்து தொண்டை வழியாக நாசில்களுக்குமேல் 10 செ.மீ. வரை கரித்துண்டுகள், 1.5 முதல் 3 செ.மீ. அளவில், பொடி இல்லாமல். கரியை விட்டுவிட்டு நேரே விறகைப் போட்டால் முதல் ஒரு மணி நேரமும் தார்தான் வரும். அதன்மேல் விறகு. பிறகு மூடியைப் பூட்டி, 12 வோல்ட் புளோயரை ஓட்டி, காற்று வாயில் எரியும் துணிப் பந்தத்தைக் காட்டினால் சுடர் உள்ளே இழுக்கப்படும்.

வாயு வெளியேறும் குழாய் முனை தலைக்குமேல், ஆட்கள் இல்லாத பக்கம் இருக்கட்டும். முதலில் வெள்ளைப் புகை வரும். 5 முதல் 10 நிமிடத்தில் புகை மெலியும். நெருப்புக் காட்டினால் பிடிக்கும். சுடர் பகலில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஊதா நிறத்தில், அணையாமல் நின்றால் எஞ்சினுக்கு மாற்றலாம். மஞ்சளாகப் புகையோடு எரிந்தால் இன்னும் பொறுங்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, கார்புரேட்டர் கிண்ணம் வற்றும்போது வாயு வால்வைத் திறப்பது எளிய வழி.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியது?

ஐடிலில் விட்டுவைக்காதீர்கள். இழுப்பு உச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் தணல் ஆறி, தார் உயரத் தொடங்கும். நிற்க நேர்ந்தால் சுற்றை ஏற்றிவையுங்கள், இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள்; நிறுத்திய சிறிது நேரத்துக்குள் புளோயர் போட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். மேடு வருகிறது என்றால் முன்கூட்டியே சுற்றை ஏற்றி, கீழ் கியரில் போங்கள்.

தண்ணீர் நிரப்பிய இரண்டு யு வடிவ பிளாஸ்டிக் குழாய்களை மாட்டிவிடுங்கள். ஒன்று கலனுக்குக் குறுக்கே, ஒன்று ஃபில்டருக்குக் குறுக்கே. செலவு அற்பம், இதைவிட உதவும் கருவி வேறு இல்லை. கலன் குழாயில் நீர்மட்ட வித்தியாசம் ஏறினால் கரி பொடிந்து அடைக்கிறது, கிரேட்டை ஆட்டுங்கள். அதே வித்தியாசம் திடீரென்று விழுந்தால் மேலே பாலம் நிற்கிறது. ஃபில்டர் குழாயில் வித்தியாசம் ஏறினால் நாரை மாற்றுங்கள்.

விஷவாயு ஆபத்து உண்மையில் எவ்வளவு?

உயிர் போகும் அளவுக்கு. வாயுவில் ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு. மூச்சுக்காற்றில் 1.3 சதவீதம் இருந்தாலே சில நிமிடத்தில் மரணம். நிறம் இல்லை, மணம் இல்லை, கண் எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்குமேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். புகை வாடை வந்தால் தெரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நன்றாக வேலை செய்யும் கலனின் வாயுவில் வாடை மிகக் குறைவு.

எஞ்சின் ஓடும்போது குழாய்கள் உறிஞ்சும் நிலையில் இருப்பதால் கசிவு இருந்தால் காற்றுதான் உள்ளே போகும். ஆபத்து இரண்டு நேரத்தில்: புளோயரில் பற்றவைக்கும்போதும், எஞ்சினை நிறுத்திய பிறகும். நிறுத்தியதும் உள்ளே தணல் இருந்துகொண்டே இருக்கும், வாயு உண்டாகி வெளியே தள்ளும். எனவே:

ஷெட்டுக்குள், வீட்டு வராந்தாவில், கூரை உள்ள எந்த இடத்திலும் பற்றவைக்கவோ நிறுத்தவோ கூடாது. மாலையில் ஓட்டிவிட்டுக் காலையில் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்திருந்தால்தான் உள்ளே தள்ளலாம். நிறுத்திய வண்டிக்குள் யாரும் படுக்கக் கூடாது. கலன் ஆட்கள் உட்காரும் அறைக்கு வெளியே, பின்னால் இருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வண்டிக்குள் கட்டாயம்.

தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, காரணமில்லாத சோர்வு: இதில் எது வந்தாலும் உடனே திறந்த வெளிக்குப் போங்கள். மயங்கியவரை வெளியே இழுத்து 108-ஐக் கூப்பிட்டு, கார்பன் மோனாக்சைடு என்ற பெயரைச் சொல்லுங்கள். அவருக்குத் தேவை ஆக்சிஜன்.

மூடியைத் திறந்தால் வெடிக்குமா?

கவனமில்லாவிட்டால் 'புப்' என்று சுடர் முகத்தில் அடிக்கும். ஹாப்பருக்குள் எரிவாயு, கீழே தணல். மூடி திறந்ததும் காற்று புகுகிறது. எஞ்சினை நிறுத்தி ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்து, பக்கவாட்டில் நின்று, கையுறையோடு மெதுவாகத் தூக்குங்கள். குனிந்து எட்டிப் பார்க்கக் கூடாது. மூடியைப் போல்ட்டால் இறுக்காமல் ஸ்பிரிங்கால் அழுத்திவைத்தால், உள்ளே வெடித்தாலும் தானே தூக்கி அழுத்தத்தை விடும். விறகு மட்டம் நாசிலுக்குமேல் 20 செ.மீ.க்குக் கீழே இறங்கும்வரை விடாதீர்கள்.

வண்டி இழுக்கவில்லை. எங்கே பார்ப்பது?

பெரும்பாலும் கசிவு. கூலருக்கு முன்னால் சூடான பகுதியில் காற்று புகுந்தால் வாயு அங்கேயே எரிந்து வீணாகும். அந்த இடத்தில் பெயின்ட் கருகியிருக்கும். குளிர்ந்த பகுதியில் கசிவு என்றால் காற்று வால்வை முழுக்க மூடினாலும் எஞ்சின் ஓடும். கலன் குளிர்ந்திருக்கும்போது ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் லேசாகக் காற்றடித்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள்.

கசிவு இல்லை என்றால் ஈர விறகு. அதுவும் இல்லை என்றால் கிரேட்டில் சாம்பல் உருகிக் கட்டி. அது வந்தால் விறகோடு மண் ஒட்டி வருகிறது என்று பொருள், சலித்துப் போடுங்கள்.

விறகுக்குப் பதில் கரியே போட்டால்?

கலன் மிக எளிதாகிவிடும், தார்த் தொல்லை அநேகமாக இல்லை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டமிட்ட சீமைக்கருவேலக் கரி தாராளமாகக் கிடைக்கும். ஆனால் ஒரு கிலோ கரிக்கு 4 முதல் 5 கிலோ விறகு எரிகிறது. விறகின் சக்தியில் பாதிக்குமேல் மூட்டத்திலேயே போய்விடும். கரித்தூசி சிலிண்டரைத் தேய்க்கும், ஃபில்டரை இன்னும் கவனிக்க வேண்டும். சிறிய எஞ்சினுக்குக் கரிதான் சரி. பைக்கோ ஆட்டோவோ கேட்கும் வாயுவுக்குத் தொண்டை 2 செ.மீ. சொச்சம்தான் வரும், அவ்வளவு சிறிய தொண்டை தாரை உடைக்கும் சூட்டைப் பிடித்துவைக்காது.

டீசல் எஞ்சினில் ஓடுமா?

வாயுவில் மட்டும் ஓடாது. அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாது. காற்றோடு வாயுவை விட்டு, பற்றவைக்க 20 முதல் 30 சதவீதம் டீசலை வைத்துக்கொண்டு ஓட்டலாம். கவர்னர் உள்ள பழைய பம்ப்செட் எஞ்சின் தானே டீசலைக் குறைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடும் புது காமன்ரெயில் எஞ்சினில் முயல வேண்டாம். பெட்ரோலிலும் இன்ஜெக்‌ஷன் வந்த புது வண்டிகளில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

வாயுவை சிலிண்டரில் அடைத்து வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஒரு லிட்டர் பெட்ரோலின் சக்திக்கு 6 கன மீட்டருக்குமேல் வாயு வேண்டும். அடைக்கவும் அதிகச் செலவு, கசிந்தால் கொல்லும்.

சாலையில் ஓட்டச் சட்டம் அனுமதிக்கிறதா?

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வேறு எரிபொருளுக்கு மாற்றுவது அங்கீகரித்த கிட் மூலம்தான். வீட்டில் செய்த கலன் அதில் வராது; விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸும் கைவிரிக்கும். சொந்தத் தோட்டத்துக்குள் ஓட்டுவதற்கும், நின்ற இடத்தில் பம்ப்போ ஜெனரேட்டரோ சுற்றுவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். நின்று ஓடும் எஞ்சினில் பாரம் மாறாததால் கலனும் ஒழுங்காக நடந்துகொள்ளும்.

என்னென்ன சுத்தம், எப்போது?

தினமும் கலன் குளிர்ந்தபின், வெளியில் வைத்து, சாம்பல் கதவைத் திறந்து வாருங்கள். சைக்ளோன் டப்பா, கூலர் தண்ணீர் இரண்டையும் காலி செய்யுங்கள். நார் கறுத்துப் பிசுபிசுத்தால் மாற்ற வேண்டும். அலசித் திரும்பப் போடுவது உதவாது. தொடக்கத்தில் வாரம் ஒருமுறை டீ இணைப்பைக் கழற்றி, வாயு வால்வின் தகட்டை விரலால் தடவிப் பாருங்கள். பசை இருந்தால் இன்டேக் வால்விலும் இருக்கும். எஞ்சின் ஆயிலைப் பெட்ரோலில் மாற்றும் இடைவெளியில் பாதிக்கே மாற்றிவிடுங்கள். தொண்டை வளையத்தில் விரிசல் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

கூலரில் வடியும் பழுப்புத் தண்ணீரில் அமிலமும் ஃபீனாலும் இருக்கும். கிணற்றுப் பக்கமோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒரு டப்பாவில் சேர்த்துவைத்து, மரத்தூளில் ஊறவைத்துக் காயவிட்டு, ஆட்கள் இல்லாத இடத்தில் மூட்ட அடுப்பில் எரித்துவிடலாம்.